வெட்டவெளியில் நிறுத்திய வண்டி

அப்பாவின் முதலாமாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லவிதமாக நான்கு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அப்பாவே நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவர். ஆகையால் அம்மா சொல்லித் தெரிந்ததையும் நானே கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ஏழாயிரம்பண்ணை. வானம் பார்த்த பூமியில் பிழைப்பு இல்லாமல் இளவயதிலேயே லாரியில் கிளீனராக ஏறினார். பின்பு டிரைவர் ஆனார். சிவகாசியிலிருந்து நாக்பூருக்கு வெடி லோடு கொண்டுபோவதே அவருக்கு வாழ்நாள் வேலையாயிற்று. ஆடி பிறந்தால் வீட்டில் தங்கமாட்டார். ஊரெல்லாம் வெடி வெடிக்கும் தீபாவளியன்று அவர் வெறும் லாரியோடு எங்கோ திரும்பி வந்துகொண்டிருப்பார். என் தம்பி பிறந்ததும் அப்படி ஒரு சீசனில்தான். பிள்ளையின் முகத்தை ஒரு மாதம் கழித்தே பார்த்தார்.

அம்மாவுக்கு அந்த ஆற்றாமை கடைசிவரை இருந்தது. திருத்தங்கலிலிருந்து சிவகாசி அச்சகத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்க் காகிதம் மடித்து, எங்களையும் தனியாளாக வளர்த்தவர். கோபம் வந்தால், ரோட்டு ஓட்டலில் நாலு பேரோடு சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறவருக்கு வீட்டு நினைப்பு எப்படி வரும் என்பார். அப்பா இல்லை என்றும் சொன்னதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை.

அப்பா வேலையை விட்ட பிறகு ஒருநாள், நீங்கள் போன ரோட்டை நான் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. ரயிலில் கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொன்னார். ரயிலில் போனால் ரோடு எப்படித் தெரியும், சைக்கிளில்தான் வருவேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். இந்த வயதில் இது தேவையா என்று தெருவே கேட்டது. நாங்களும் கேட்டோம். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தம்பி கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். துணைக்குப் பழைய ஆம்னி வேனை அப்பா ஓட்டுவது என்று முடிவாயிற்று. தை மாதம் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள்.

ஏற்பாடு சுலபமானது. அப்பா முன்னால் போய் ஒரு டீக்கடையில் காத்திருக்க வேண்டும், அம்மா மிதித்து வந்து சேர வேண்டும். ஆனால் முதல் நாளிலிருந்தே அம்மா கடைக்கு வந்து சேர்ந்தால் அங்கே வேன் இருக்காது. தண்ணீர் பாட்டில் வேனில், செருப்பு வேனில். கண்ணுக்கு எட்டிய தூரத்தில், ஒரு மரம்கூட இல்லாத பொட்டலில் அப்பா வண்டியை நிறுத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். உங்கள் அப்பாவுக்கு நாலு மனிதர் முகம் ஆகாது என்று அம்மா என்னிடம் போனில் பொரிந்து தள்ளினார்.

சேலம் தாண்டியதும் அம்மா நேரிலேயே கேட்டுவிட்டார்.

"என்னய வெயில்ல காய விட்டுட்டு, நீங்க எதுக்கு அம்புட்டு தூரத்துல போயி நிக்கிறீக?"

அப்பா வண்டியையும் கடையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்கிறது.

"வெடி லோடு வச்சிருந்தா கடை, பங்க்னு எங்கயும் அண்ட விட மாட்டாங்க. அம்புட்டு வருசமும் இப்பிடித்தான நின்னேன். கை தன்னால ஒதுங்கிருது."

"இப்ப வண்டியில என்ன லோடு இருக்கு?"

"ஊறுகாயும் ஒன் சேலையும்."

பிறகு அப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மற்ற லாரிக்காரர்கள் சேர்ந்து ரோட்டோரம் சமைப்பார்கள். வெடி லாரிப் பக்கத்தில் அடுப்பு மூட்ட முடியாது. ஒருவர் காவலுக்கு நின்றால்தான் ஒருவர் சாப்பிடப் போகலாம். ஆகவே கிளீனர் கூட இருந்தும் அப்பா ஒருவேளைகூட அந்த ரோட்டில் துணையோடு சாப்பிட்டதில்லை. அம்மா இத்தனை ஆண்டு நினைத்திருந்த கூட்டமும் சிரிப்பும் அங்கே இருந்ததே இல்லை. இதை என்னிடம் சொன்னபோது அம்மா அழுதார். அன்றிலிருந்து அம்மா கடையில் உட்காரவில்லை. டீயைப் பார்சல் வாங்கிக்கொண்டு பொட்டலுக்குப் போய்விடுவார்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று நாக்பூர் போய்ச் சேர. நானும் தம்பியும் ரயிலில் முன்பே போய், ஊர் எல்லையில் மாலையோடு நின்றோம். அந்த ஊரில் கடை வைத்திருக்கும் நம் பக்கத்துக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அம்மா முகமெல்லாம் கறுத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் கைதட்டினோம். அம்மா நிற்கவில்லை. எங்களைத் தாண்டி, தள்ளி வெட்டவெளியில் நின்ற வேனை நோக்கி ஜல்லியில் சைக்கிளைத் திருப்பிவிட்டார். மாலையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் ஓடினோம்.

"மொதல்ல அவுகளுக்குப் போடு," என்றார். அப்பா கூச்சத்தோடு குனிந்து வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு ஆடியில் ஒரு விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே யாரையும் விடவில்லை. யாரும் பக்கத்தில் இல்லாமலேயே அவர் உயிர் பிரிந்தது. அதை நினைத்தால் இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

இறுதி ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது நம் வழக்கம். அம்மா நிற்கவில்லை. பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தார். அம்மா சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"ஊருக்கு வெளியவே நின்ன மனுசன். அங்கன இன்னைக்கும் தனியா விட்டுட்டு வரச் சொல்றீகளா?"

பெரியம்மா கையை விட்டார்.

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் அலைந்தவர்களுக்கும், இந்த ஒரு வருடமும் அம்மாவை வந்து பார்த்துப் போகிறவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சுடுகாட்டுப் பாதையில் ஒரு சொல்லும் சொல்லாமல் விலகி, அம்மாவை முன்னால் நடக்கவிட்ட தெருப் பெரியவர்களுக்கு எங்கள் முதல் நன்றி.