எதுவும் தெரியாத உச்சி

தண்ணீர் நிரப்பிய இரண்டு பெரிய கேன்களை முதுகுப்பையில் திணித்துக்கொண்டு போகோமீர் மலையேறுகிறார். குடிப்பதற்கு அல்ல, தன் வேகத்தைக் குறைப்பதற்கு. எங்கள் மலையேறுவோர் சங்கம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதாக இருந்தாலும், முன்னதாகவே அவர் தனியாக அந்தப் பாதையை நடந்து பார்த்துவிடுவார். அதுவும் வருகிறவர்களிலேயே மெதுவாக நடக்கும் ஆளின் நடையில். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே பையை இறக்கி, உட்கார வாகாக ஒரு மரக்கட்டையைப் புரட்டிப் போடுவார். "வேகமா ஏறணும்னா ஆட்டைக் கூட்டிட்டுப் போகலாமே" என்பார்.

மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது கையின் சுண்டுவிரல் அந்த ஆலையிலேயே தங்கிவிட்டது. பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம். தொத்திறைச்சியை வெட்டினால் பெரிய துண்டு தன் பக்கம் வருமாறு வெட்டுவார், யாராவது முறைத்தால் கொடுத்துவிடுவார்.

இந்த முறை மெதுவாக நடக்கப்போகிறவர் சிரிலா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய மலையின் வடக்குச் சுவரில், அதாவது வடபக்கச் செங்குத்துப் பாறையில், அவருடைய கணவர் ராடோவும் போகோமீரும் ஒரே கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து கல் பெயர்ந்து விழுந்தது. போகோமீர் மட்டும் இறங்கி வந்தார். "உன் மேல தப்பே இல்லப்பா" என்று யார் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, உப்பை நகர்த்தச் சொல்வார். சிரிலா அதன்பின் மேட்டுத் தெருவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் குடிபோய்விட்டார். போகோமீர் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை.

கோடையில் ஒருநாள் சிரிலா, எங்கள் சங்கச் செயலாளர் தொன்ச்காவிடம், "சின்ன மலையா இருந்தா நானும் வரேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து போகோமீருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் தேர்ந்தெடுத்தது அரைநாளில் போய் வரக்கூடிய ஒரு குன்று. அடியிலிருந்து உச்சிவரை பீச் என்கிற உயரமான காட்டு மரங்கள்.

"யோவ், அந்த உச்சியில என்னய்யா தெரியும்? நாலு பக்கமும் மரம்" என்றார் தொன்ச்கா.

"மரத்தைப் பாரு."

"அது என் வீட்டுக் கொல்லையிலயே நிக்குது. அதுக்கு எதுக்கு மலை ஏறணும்?"

"அந்த மலைதான்" என்று முடித்துவிட்டார். எல்லோரும் கலைந்தபின் என்னை ஓரமாக இழுத்துப்போய், "அங்கேருந்து வடக்குச் சுவர் தெரியாதுல்ல? அவ பார்த்துடக் கூடாது" என்றார். சுற்றுவட்டாரத்தில் மற்ற எந்த உச்சிக்குப் போனாலும் அந்தச் சுவர்தான் முகத்தில் அடிக்கும். தெரியாது என்றேன். செப்டம்பர் தொடக்கத்தில் கேன்களோடு போய்ப் பார்த்தும் வந்தார். இலை கெட்டியாக மூடியிருந்தது.

மழையால் நடை தள்ளிப்போய், அக்டோபர் கடைசி வந்துவிட்டது. அந்த வாரம் போகோமீர் காய்ச்சலில் படுத்திருந்தார். மறுபடி போய்ப் பார்க்கவில்லை. ஆயுசு முழுக்க மரத்தோடு கிடந்த மனிதர், குளிர்காலத்துக்கு முன்னால் பீச் இலை முழுக்க உதிரும் என்பதை மறந்துபோனார். எனக்கும்தான் தோன்றவில்லை.

மெதுவாக நடக்கிறவர் வழிகாட்டிக்கு அடுத்ததாக வரவேண்டும், யாரும் முந்தக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் வழிநெடுக சிரிலா போகோமீரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினார். அவருக்கு மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் ஒரு கட்டை இருந்தது.

"இதெல்லாம் நீயா போட்டே?"

"காத்துல விழுந்திருக்கும்."

உச்சியில் ஒரு இலை மிச்சமில்லை. சாம்பல் நிறத் தண்டுகளுக்கு நடுவே வடக்குச் சுவர் முழுசாக நின்றது, புதுப் பனியோடு. முதலில் ஏறிய போகோமீர் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பி, சுவரை மறைக்க மேல்சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார்.

"காத்து ஜாஸ்தியா இருக்கு சிரிலா. வா, கீழே இறங்கி உட்காரலாம்."

"தள்ளு போகோ."

"வேண்டாம். சொன்னாக் கேளு."

"அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? அக்கா வீட்டு சமையக்கட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான். தினமும் அதைப் பார்த்துக்கிட்டேதான் காபி போடறேன். நீ ஒருநாள் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

போகோமீர் நகரவில்லை. ஒருமுறைகூடத் திரும்பிச் சுவரைப் பார்க்கவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சுவரை நேராகப் பார்க்க முடியாமல் இத்தனை நாள் தவித்தது இந்த மனிதர்தான். சிரிலா கிட்டே போனார். விரிந்திருந்த சட்டையை இழுத்து, கழுத்துவரை பொத்தானைப் போட்டுவிட்டார். பிறகு அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்து, மெதுவாகச் சுவரின் பக்கம் திருப்பினார்.