வண்டி எடுத்துக்கலாம் நைனா

எங்க நைனா நாப்பது வருஷம் டிரெய்லர் ஓட்டினவரு. ஹார்பர்ல கன்டெய்னர் பெட்டிய ஏத்தி யார்டுல எறக்கறது, யார்டுல ஏத்தி ஹார்பர்ல எறக்கறது. நடுவுல எண்ணூர் ரோட்டுல லைன். லைன்னா அர மணி, ஒரு மணி கிடையாது; ஒரு நாள், ரெண்டு நாள்கூட நிக்கும். திருவொற்றியூர்ல நின்ன வண்டிக்கு நானே கேரியர்ல சோறு எடுத்துகினு போயிருக்கேன். மனுஷன் வாழ்க்கையில பாத்த சீனரி, முன்னாடி நிக்கிற வண்டியோட பின்பக்கம்தான்.

அதான் எனக்கு ஒரு வீம்பு வந்துச்சு. அவருக்கு எழுபத்தோரு வயசு ஆவுது. அம்மாவும் போயாச்சு. ஒரு தடவயாவது முன்னாடி வண்டியே இல்லாத ரோட்டுல, மலையப் பாத்துகினு, நெனச்ச எடத்துல நிறுத்தி டீ குடிச்சிகினு போவட்டுமே. இலங்கைன்னு முடிவு பண்ணேன். கண்டி, நுவரெலியா, எல்லன்னு மூணு மலை ஊரு. ஏழு நாள். ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல பயணம் கிடையாது, மீதி நேரம் சும்மா உக்காந்து மலையப் பாக்க வேண்டியதுதான்.

"அங்க எறங்கி வண்டி எடுத்துக்கலாம் நைனா"ன்னேன்.

பேப்பர்லேருந்து தலயத் தூக்கினாரு. "எடுக்கலாமே"ன்னாரு. அதுக்கப்புறம் பேப்பர் மடியில கெடந்துது, அவரு படிக்கல.

எனக்கு வேலை ஒரு கிளியரிங் ஆபீசுல. நாள் பூரா அடுத்தவன் சரக்குக்கு பேப்பர் போட்டு, பஸ்ல நசுங்கி கல்மண்டபத்துல எறங்கி, மாடிப்படி ஏறி, செருப்பக் கழட்டறதுக்குள்ள கேள்வி வந்துடும். கொண்ட ஊசி வளைவு எத்தினி? ரோடு அகலம் இன்னா? எறக்கத்துல மழ புட்ச்சிகிச்சின்னா ஓரம் கட்ட எடம் கீதா? வண்டி கியரா, ஆட்டோமேட்டிக்கா?

"உனக்கு எதுக்கு நைனா அதெல்லாம்? நீ ஜாலியா வா"ன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. அவரு செல்போன்ல ரோட்டு மேப்பப் பெருசாக்கி, வெரலால தடவித் தடவிப் பாத்துகினு இருப்பாரு. பாவம், மலை ரோட்டுக்கு பயப்படறாருன்னு நெனச்சேன்.

ஒரு நாள் கேள்வி நின்னு போச்சு. நின்ன எடத்துல சாக்கு ஆரம்பிச்சுது. முதல்ல, "தவக்காலத்துல இன்னாம்மா டூரு?"ன்னாரு. சரின்னு விட்டேன். ஈஸ்டர் முடிஞ்சுது, முட்டி வலின்னாரு. முட்டிக்கு எண்ண தேச்சு, வென்னீர் ஊத்தி, அது சரியாச்சு. "அங்க இப்ப மழையாமே"ன்னாரு. டிராவல்ஸ்காரர்கிட்ட மூணு தடவ தேதி மாத்தினேன். அந்தாளு குரல்லயே சலிப்பு தெரிய ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு மட்டும் இல்லியா? மலையும் வேணாம், தேயிலையும் வேணாம், ஒரு வாரம் கதவ சாத்திகினு தூங்கினா போதும்னு ஆயிடுச்சு.

போன ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்து, மீன்ல மசாலா தடவிகினு இருந்தேன். நைனா ஜன்னலாண்ட சேர் போட்டு, ரோட்டுல போற டிரெய்லரப் பாத்துகினு இருந்தாரு. அவரு முதுகப் பாத்ததும் எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு.

"நைனா, வரியா இல்லியா? வர இஷ்டம் இல்லன்னா சொல்லித் தொலச்சிடு. என்ன ஏன் இப்டி பேஜார் பண்ற?"

அந்த நேரம் பாத்து போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துது. கையெல்லாம் மசாலா; மொழங்கையால அமுக்கி ஸ்பீக்கர்ல போட்டேன்.

"வணக்கம் அக்கா, நான்தான் கண்டியில இருந்து உங்கட டிரைவர். ஐயாவுக்கு தொடர்ந்து இருக்க ஏலாட்டி சொல்லுங்க, நிப்பாட்டி நிப்பாட்டிப் போவோம். அவசரம் ஒன்னும் இல்ல."

நைனா திரும்பினாரு. "யாரு இது?"

"டிரைவரு."

"இன்னா டிரைவரு?"

"நம்ம வண்டிக்கு டிரைவரு. பின்ன யாரு ஓட்றது, நானா?"

"நீதானேம்மா வண்டி எடுத்துக்கலாம்னு சொன்ன?"

எனக்கு அப்பதான் மண்டையில ஏறிச்சு. வாடகைக்கு எடுக்கறதத்தான் நான் சொன்னேன். ஆனா எங்க வூட்டுல வண்டி எடுக்கறதுன்னா ஒரே அர்த்தம்தான்: சீட்டுல ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்றது. விடியக்காலம் "வண்டி எடுக்கப் போறேன்"னு அவரு சொல்லிட்டுப் போற கொரலக் கேட்டுத்தான் நான் வளந்ததே. எனக்குத் தெரியாததா? அந்த ஊர் மலைய நைனாதான் ஏறப் போறாருன்னு நானே அவர்கிட்ட சொல்லிருக்கேன்.

அவரு எழுந்து போய், மாதா படத்துக்குப் பின்னாலேருந்து ஒரு மடிச்ச காகிதத்தக் கொண்டாந்து நீட்டினாரு. கண் ஆஸ்பத்திரி சீட்டு. தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதனுக்கு மறுநாள் தேதி.

"லைசென்சு புதுப்பிக்கலாம்னு போனேன். கண்ண டெஸ்ட் பண்ணிட்டு, இனிமே வண்டி எடுக்காதீங்க பெரியவரேன்னுட்டாங்க. சொன்னா நீ டூரையே கேன்சல் பண்ணிடுவ. டிரைவர் இல்லாம எப்டிம்மா போறது? அதான், இன்னா பண்றதுன்னு தெரியாம தள்ளிப் போட்டுகினே வந்தேன். எனக்கு போவணும்னு ஆசைதாம்மா."

இத்தினி மாசமா வர மனசில்லாத மனுஷனை இழுத்துகினு போறோம்னு நான் கத்தினு இருந்தேன். அவரு வர்றதுக்காகத்தான் பொய்யா சொல்லிகினு இருந்திருக்காரு. அழுதா மசாலா கண்ணுல படும்னு கைய எட்டத்துல வெச்சிகினு அழுதேன்.

நைனா மறுபடி சேர்ல உக்காந்துகினு கேட்டாரு. "அப்ப நான் கிளீனர் சீட்டா?"

"ஆமா. வரியா?"

நாப்பது வருஷத்துல அந்த எடது பக்க சீட்டுல அவரு ஒரு நாள்கூட உக்காந்ததில்ல. தாடையச் சொறிஞ்சிகினு யோசிச்சாரு. "கிளீனருன்னா தூங்கினு வரக்கூடாது. லெப்ட்டு பூரா அவன் பொறுப்பு. சைக்கிள் வருதா, ஆள் வருதான்னு பாத்து கொரல் குடுக்கணும்"ன்னாரு. அப்புறம் நிமிந்து உக்காந்தாரு. "லெப்ட்ட நான் பாத்துக்கறேன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லு."

கையக் கழுவிட்டு வந்து ஆஸ்பத்திரி சீட்டப் பிரிச்சுப் பாத்தேன். வலது கண்ணுக்கு ஏதோ நம்பர் போட்டிருந்துது. இடது கண்ணுல பார்வை இல்லன்னு எழுதியிருந்துது.

நைனா பாத்துகினே இருந்தாரு. நான் போன எடுத்து அவரு காதுல விழற மாதிரி டிரைவருக்கு வாய்ஸ் மெசேஜ் பேசினேன். "அண்ணா, எங்க நைனா முன்னாடிதான் உக்காருவாரு. பெரிய டிரைவரு அவரு. லெப்ட்ட அவரு பாத்துக்குவாராம்."

சரின்னு தலையாட்டிட்டு, ஷேவிங் பண்ண கண்ணாடியத் தேடிகினு போனாரு.

நான் அடுப்பாண்ட வந்து, மீன எண்ணையில போட்டு, அந்த சத்தத்துல இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "அண்ணா, லெப்ட்ட நீங்களும் கொஞ்சம் பாத்துக்கோங்க."