நீளச் சிறகும் குட்டைச் சிறகும்

மனைவியின் அறுவை சிகிச்சைக்காக மைத்துனரிடம் ஊசிக்காரர் வாங்கிய கடன் நாற்பதாயிரம். சிகிச்சை நடந்தது, மனைவி வீடு திரும்பவில்லை. அழுகையும் வரவில்லை. காது அடைத்துக்கொண்டதுபோல் ஒரு மந்தம், அவ்வளவுதான்.

ஊசிக்காரர் என்பது அருங்காட்சியகத்தில் விழுந்த பெயர். ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். தரை துடைக்க வந்து, பூச்சிக்கு ஊசி குத்தும் மேசைவரை தானாகவே ஏறியவர்; ஒருவரும் கைதூக்கி விடவில்லை. அவர் விரித்து வைத்த வண்ணத்துப்பூச்சி ஊதினால் பறக்கும் போலிருக்கும். இதை நாலு பேரிடம் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

மாதக் கடைசிக்குள் தன் மகளுக்கு விடுதிப் பணம் கட்டவேண்டும் என்று மைத்துனர் கடனைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அந்த நேரத்தில்தான் அங்கே பூச்சிகளை ஆராயும் ஆய்வாளரம்மாவிடமிருந்து அதிகப்படி வேலை வந்தது: கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றிய குப்பிகளில் இரண்டாயிரத்துச் சொச்சம் தத்துப்பூச்சிகள். எல்லாம் நெல்லைக் கருக்குகிற புகையானின் குடும்பம். அரிசி நீளம்தான் உடம்பு. பின்னங்கால் நுனியில் அசைகிற ஒரு முள் இருந்தால் அந்தக் குடும்பம். ஊசி குத்தினால் சிதறிவிடும். முக்கோண அட்டை நுனியில் பசை தொட்டு ஒட்டவேண்டும்.

"பூச்சிக்கு இருபது தரேன்" என்றார் ஆய்வாளரம்மா.

"எண்ணிக் கூலி வாங்க நான் என்ன செங்கல் சுமக்கிறவனாம்மா? வகை பிரிச்சுத் தரேன். வகைக்கு ஆயிரம் குடுங்க."

"இந்தக் குடும்பம் கொஞ்சம் ஏமாத்தும், பார்த்துக்குங்க."

"என்னையா?"

நாற்பத்து மூன்று வகை பிரித்தார். கடன் போக மூவாயிரம் மிச்சம் என்று மனசுக்குள் கணக்கும் போட்டுவிட்டார்.

ஆய்வாளரம்மா இரண்டு பெட்டிகளை எடுத்து, லென்ஸுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீளச் சிறகு ஒரு வகை, குட்டைச் சிறகு ஒரு வகைன்னு பிரிச்சிருக்கீங்க. ஆணோட வால்நுனியைப் பாருங்க. ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. புல் செழிப்பா இருந்தா சிறகு குட்டையா நிக்கும். கூட்டம் பெருகி இடம் நெருக்கினா நீளமா வரும், பறந்து போக."

ஊசிக்காரர் பார்த்தார். ஒன்றேதான். இப்படி ஒவ்வொரு ஜோடியாகச் சேர்ந்துகொண்டே வந்து, இருபத்தாறில் நின்றது; கடனுக்குப் பதினாலாயிரம் குறைவு. பூச்சிக்கு இருபது என்றே வாங்கியிருந்தால் கடன் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவமானமாவது வரும் என்று காத்திருந்தார்; அதுவும் வரவில்லை.

"இன்னும் குப்பி இருக்காம்மா?"

"எழுநூறு இருக்கும். வகைக்கா?"

"பூச்சிக்கே போட்டுக்குங்க."

பசை, அட்டை, பூச்சி. பசை, அட்டை, பூச்சி. வீட்டில் சட்டியைக் கழுவினாரா, சாப்பிட்டாரா என்று அவருக்கே நினைவில்லை. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஊசிக்காரர் மைத்துனர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உள்ள வாங்க அத்தான். பாதி கொண்டாந்தாலும் பரவால்ல, மீதிய நான் புரட்டிக்கிறேன்."

"பாதி குடுக்கிற ஆளா நானு? கைய நீட்டு மாப்ளே."

"அக்கா இருந்திருந்தா இத வாங்க விட்டிருக்காது."

"நீட்டுன்னேன்."

மைத்துனர் உள்ளங்கையை விரித்தார். ஊசிக்காரர், பூச்சியை அட்டையில் வைக்கிற அதே பதனத்தோடு, ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தார். நாற்பதாயிரமும் வைத்தாயிற்று. மைத்துனர் இன்னும் கையை மூடவில்லை.