எதிர் வாடை, வேற பூத்து

ஊட்டு புரோக்கர்னா சாவி போட்டு கதவத் தொறந்து காட்டற ஆளுன்னு எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க. நெசத்துல ஓனருகிட்ட குடித்தனக்காரரு மாதிரியும், குடித்தனக்காரருகிட்ட ஓனரு மாதிரியும் பேசத் தெரிஞ்சவனுக்குத்தான் இந்தத் தொழிலு. எனக்கு சின்ன வயசுலேர்ந்தே அடுத்தவங்க கொரலு அப்படியே வரும். அத வச்சித்தான் மணவாள நகர்லயும் காக்களூர்லயும் என் பொழப்பு ஓடுது.

வாடகை ஊடு தேடி செருப்பு தேஞ்சவங்களுக்கு நான் புதுசா இன்னா சொல்லப் போறேன்? தண்ணி வருமா, பைக் நிறுத்த எடம் இருக்கா, கறி சமைச்சா ஓனரம்மா மூக்க மூடுவாங்களா, எல்லாம் நீங்களும் பட்டதுதான். ஆனா "இந்த ஊட்டுக்கு எந்த பூத்து?"ன்னு யாராவது கேட்டு நீங்க கேட்டிருக்கீங்களா? நான் கேட்டேன். அந்தக் கதைதான் இது.

ஓட்டையும் ஓட்டும்

எஸ்தரு காக்களூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில பிரஸ் மிஷின் ஓட்டுது. புருசனுக்கு கும்மிடிப்பூண்டில ஷிஃப்ட் வேலை. இவங்க குடியிருந்த ஊட்டு ஓனரு, பையனுக்கு கல்யாணம் வச்சிட்டு, "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடும்மா"ன்னுட்டாரு. கையில இருந்தது மூணு வாரம். அந்த நேரம் பாத்து ஓட்டர் லிஸ்ட் சரி பாக்கறவங்க வேற ஃபாரத்த எடுத்துக்கினு ஊடு ஊடா வந்துக்கினு இருந்தாங்க.

இங்கதான் சிக்கல். எஸ்தரு குடைக் கட்சிக்கு பூத்து ஏஜென்ட்டு. ஓட்டு போடற அன்னிக்கு உள்ள பெஞ்சில உக்காந்து, வர்றவங்க மூஞ்சியயும் லிஸ்ட்டயும் ஒத்துப் பாக்கற வேலை. நாலு எலக்‌ஷனா அதே பூத்து, அதே பெஞ்சு. வேற ஏரியாவுக்குப் போயிட்டா பேரும் அங்க போயிடும், பெஞ்சும் போயிடும். நான் சும்மா இருக்காம, "அதான் ரூலு மாத்திட்டாங்களாமே, வேற பூத்து ஆளும் ஏஜென்ட்டா உக்காரலாமாமே"ன்னேன்.

"ரூலு உக்கார உடும்ணே. எங்க தெருவுல யார் யாரு, எந்த ஊட்ல இருக்காங்கன்னு ரூலுக்குத் தெரியுமா? அங்கயே இருந்தாத்தான எனக்குத் தெரியும்? ஊடு ஓட்டையா இருந்தாலும் பரவால்ல, என் பூத்துக்குள்ள பாரு."

வட்டச் செயலாளரு பேசறேன்

அந்த பூத்துக்குள்ள இருக்கறதே ஆறு தெரு. அதுல மூணாவது தெருவுல ஒரு கீழ் போர்ஷன் காலி. ஓனரு பத்திரம் எழுதறவரு. "எந்தக் கட்சிக்காரங்களும் வேணாம்பா. கொடி கட்டுவாங்க, கூட்டம் கூடும், வாசல்ல செருப்பு கெடக்கும்"னு ஒரே பேச்சுல முடிச்சிட்டாரு.

எனக்குள்ள இருக்கற பிசாசு சும்மா இருக்குமா? குடைக் கட்சி வட்டச் செயலாளரு கொரலு எனக்கு அத்துப்படி. தொண்டையில ரெண்டு கருங்கல்லு உருளற கொரலு. மச்சான் போன வாங்கி, மாடிப்படியில உக்காந்துக்கினு அந்தக் கொரல்ல ஓனருகிட்ட பேசினேன். "நம்ம எஸ்தரு நல்ல பொண்ணு. தயவுசெஞ்சு அந்த ஊட்டக் குடுங்க. நான் இருக்கேன்." காரியம் முடிஞ்சிதுன்னு மச்சானுக்குக் கட்டைவெரல் காட்டினேன். அப்பால கேட்டுச்சு பாருங்க:

"யோவ் புரோக்கரு, கொரலு அச்சு அசலு. ஆனா அந்த மனுசன் இன்னைய வரைக்கும் யாருகிட்டயும் 'தயவுசெஞ்சு'ன்னு சொன்னதில்லய்யா."

பை கட்டினா காலியா?

ஊடு போச்சு, ஒரு வாரமும் போச்சு. அப்போ ஒரு தகவல் வந்துச்சு. அஞ்சாவது தெரு மாடி ரூம்ல இருக்கற முருகேசன் பை கட்டிக்கினு இருக்கான், காலி பண்றான் போலன்னு. ஒரு ரூம்தான், ஆனா பூத்துக்குள்ள இருக்கு. நாஷ்டா கூட துன்னாம ஓடினேன். முருகேசன் தென்காசிப் பக்கத்து ஆளு, எட்டு வருசமா இங்க லேத் மிஷின்ல நிக்கறான். போனா, பையில ரெண்டே சட்டை. "எங்கப்பா போற?"ன்னா, "ஊருல லிஸ்ட் பாக்க வாராவளாம். ஆளு இல்லன்னா பேர அடிச்சிருவாவ சார். ஃபாரத்தக் குடுத்துட்டு வந்துருதேன்"ங்கறான். போக ஒரு நாளு, வர ஒரு நாளு. ரெண்டு நாள் லீவு.

எனக்கு ஊடு கெடைக்காத கடுப்பு. "எட்டு வருசமா இந்த ஊரு தண்ணிதான குடிக்கற? இங்கயே மாத்திக்கினா பஸ்ஸுல சாவ வேணாம்ல?"ன்னு கேட்டேன். சிரிச்சான். பைய தோள்ல மாட்டிக்கினு அவன் சொன்ன பதில்ல என் கடுப்பு எங்க போச்சுன்னே தெரியல.

"இங்க நான் வெறும் டோக்கன் நம்பரு சார். அங்க பூத்துக்குள்ள நொழைஞ்சா, 'சுடலை மவனா, வாலே'ம்பாவ."

எதிர் வாடை

பத்து நாளு மிச்சம் இருக்கும்போது ஒரு அருமையான ஊடு மாட்டிச்சு. ரெண்டு ரூமு, மொட்டை மாடி, நாள் பூரா தண்ணி. ஓனரு கோயில் மடப்பள்ளில கைங்கரியம் பண்ற அய்யங்கார். அவரே இருக்கறது கோயிலாண்ட, இந்த ஊடு சும்மா பூட்டிக் கெடந்துச்சு. "அவா எந்தக் கட்சியானா எனக்கென்ன, எந்த மதமானா எனக்கென்ன? சாயங்காலம் வாசல்ல வெளக்கு எரியணும், அவ்வளவுதான்"னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இருவது வருச சர்வீஸ்ல ஒரே கண்டிசன் போட்ட ஓனர நான் பாத்ததில்ல.

எஸ்தர கூட்டிக்கினு போனேன். சமையக்கட்ட பாத்துச்சு, குழாயத் தொறந்து மூடிச்சு, மூஞ்சில அப்படி ஒரு சந்தோசம். அப்பால வாசல்ல வந்து தெருவ இப்படியும் அப்படியும் பாத்துது. சந்தோசம் அணைஞ்சி போச்சு. அந்தத் தெருவுல இடப்பக்க வாடை எஸ்தரு பூத்து, வலப்பக்க வாடை பக்கத்து பூத்து. ஊடு வலப்பக்கம். "பதினாலு அடி ரோடும்மா! தாண்டினா உன் பூத்து!"ன்னு நான் கத்தினேன். அது ஒரு பெருமூச்சு உட்டுச்சு.

"எதிர் வாடைக்குப் போனா நான் வேற ஊருக்காரிண்ணே. சாமிகிட்ட நல்லவிதமா சொல்லிடு."

மண்வெட்டி பறக்கற ஊடு

நாலு நாளு. பூத்துக்குள்ள மிச்சம் இருந்தது ஒரே ஊடு. ஜெயராமன் ஊட்டு மாடி. அத நான் இதுவரைக்கும் வாயத் தொறந்து சொல்லல. ஏன்னா ஜெயராமன் மண்வெட்டிக் கட்சி. சும்மா ஆதரவு இல்ல, அதே பூத்துல எஸ்தருக்கு எதிர் பெஞ்சில உக்கார்ற ஏஜென்ட்டு. போன எலக்‌ஷன்ல இவரு தங்கச்சி மவன், செத்துப்போன பெரியவர் ஒருத்தரு ஓட்டப் போட சீட்டோட வந்து நின்னிருக்கான். எஸ்தரு எழுந்து, "தம்பி, பெரியவரு தவறி ஆறு மாசம் ஆவுது. சாவு ஊட்ல நான்தான் எல்லாருக்கும் டீ குடுத்தேன்"னு சொல்லி திருப்பி அனுப்பிச்சிடுச்சு. அந்தப் பெரியவரு வேற யாரும் இல்ல, ஜெயராமனோட சொந்தப் பெரியப்பா.

"அவரு கொரல்ல நீயே 'குடுக்க மாட்டேன்'னு சொல்லிடுண்ணே, அலைச்சல் மிச்சம்"னு எஸ்தரு சொல்லுச்சு. மனசு கேக்காம இழுத்துக்கினு போனேன். ஜெயராமன் ஆரம்பாக்கத்துப் பக்கம், வாயத் தொறந்தா நைனா இல்லாம பேச்சு வராது. ஈஸி சேர்ல சாஞ்சிக்கினு ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாரு. நான் யாரு கொரலயும் எடுக்கல, என் சொந்தக் கொரல்லயே மாடியக் கேட்டேன். எஸ்தரு தரையப் பாத்துக்கினு நின்னுச்சு. இன்னும் நாலு நாள்ல சாமானோட தெருவுல நிக்கணும்னு அது மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. அவரு எழுந்தாரு, உள்ள போனாரு. கதவ சாத்தப் போறாருன்னு நான் திரும்பிட்டேன். சாவியோட வந்தாரு.

"அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல நைனா. ஆனா என் கண்ணு முன்னாடியே என் சொந்தக்காரன் திருட்டு ஓட்டு போட உடாத பொம்பள, என் ஊட்டயா ஏமாத்தப் போவுது? ஒண்ணே ஒண்ணு, கொடி கட்டினா என் கொடிய உட ஒரு சாண் கீய கட்டச் சொல்லு."

ஒரே வண்டி

எஸ்தரு ஒரு சாண் இல்ல, ரெண்டு சாண் கீழ கட்டுச்சு. மழை பேஞ்சா மேல் கொடி தண்ணி சொட்டி கீழ் கொடி நனையுதுன்னு மாடிக்கும் கீழுக்கும் தினம் ஒரு பஞ்சாயத்து. ஃபாரம் எடுத்துக்கினு வந்தவங்கள ஜெயராமனே நின்னு எஸ்தரு பேர எழுத வச்சாரு, கதவு நம்பர மட்டும் மாத்தி.

வாக்குப் பதிவு அன்னிக்கு விடிஞ்சும் விடியாம பள்ளிக்கூட வாசல்ல நான் நின்னுக்கினு இருந்தேன். ஜெயராமன் ஸ்கூட்டர் வருது. பின்னாடி எஸ்தரு, மடியில ரெண்டு டிபன் பாக்ஸு. ரெண்டு கட்சிக்காரங்களும் வாயத் தொறந்தது தொறந்தபடி. மண்வெட்டிக் கட்சி ஆளு ஒருத்தன் பொறுக்க மாட்டாம, "தலைவரே, அவங்க ஏஜென்ட்ட நம்ம வண்டியில ஏத்திக்கினு வர்றியே, இது நல்லாருக்கா?"ன்னு கேட்டே புட்டான். ஜெயராமன் ஸ்டாண்டு போட்டாரு, வேட்டிய சரி பண்ணாரு, அப்பால நிதானமா சொன்னாரு. டைமிங்ல நான் அவருகிட்ட பாடம் கத்துக்கணும்.

"அவங்க வரலன்னா, சாயங்காலம் வரைக்கும் நான் யாரு மேல நைனா சந்தேகப்படறது?"

இத்தினி வருசம் ஊடு காட்டி நான் கத்துக்கினது ஒண்ணுதான்: நம்ம ஜனம் கட்சிய மாத்தும், கூட்டணிய மாத்தும், ஊட்டக்கூட மாத்தும், ஆனா பூத்த மாத்தச் சொன்னா புரோக்கர மாத்திடும்.