கால் முறிந்தவனாக நடித்த நாள்

வெளிநாட்டு நிவாரணக் குழுக்கள் பேரிடரில் சேர்ந்து வேலை செய்யப் பழகும் ஒத்திகை ஒன்று பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் அலுவலக வளாகத்தில் நடந்தது. பூகம்பத்தில் கால் முறிந்தவனாக நடிக்க நான் பெயர் கொடுத்திருந்தேன். புல்தரையில் படுத்துக் கிடந்தேன். ஒரு குழு போனதும் இன்னொரு குழு வந்து பெயர் கேட்டது. எல்லோருமே ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போனார்கள். வெயிலில் வெந்துபோய், கடைசியாக வந்த குழுவின் உள்ளூர்த் தன்னார்வலப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டேன்.

"தண்ணி எங்க டீம் குடுக்கறதில்ல சார். தண்ணி குடுக்கற டீமுக்குச் சொல்லிடறேன், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க," என்றாள்.

யாரும் வரவில்லை. முறிந்த காலோடு எழுந்து கேண்டீனுக்கு நடந்தேன். இடிபாட்டில் இறந்தவராக நடிக்க வேண்டிய அக்கவுண்ட்ஸ் நண்பர் அங்கே தோசை தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. நான் அப்பவே செத்துட்டேன், யாருமே எடுக்க வரல," என்றார்.

வெளியே மைக்கில் எங்கள் இருவரையும் காணவில்லை என்று அறிவித்தார்கள்.

"போய்ச் சொல்லிடலாமா?" என்றேன்.

"உங்க தோசை வரட்டும்," என்றார்.