கலங்கல் தண்ணீருக்கு ஒரு ஃபோகஸ் லைட்

பார்சலைப் பிரித்தபோது தீவில் எங்கள் பத்துபஸ்தி வீட்டில் நான், அக்கா, அன்று காலை சென்னைக் கப்பலில் வந்து இறங்கிய மச்சான், என்னோடு தண்ணீருக்குள் இறங்குகிற தாதா ஆகிய நான்கு பேரும் இருந்தோம். வேலையைக் கொடுத்த கான்ட்ராக்டர் வரவில்லை. போனில் மட்டும் இருந்தார். அப்பாவும் இல்லை. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். அவர் இருந்தால் என்ன சொல்வாரோ அதை அக்காவே சொன்னாள்.

"தம்பி படிச்சவன். அவன் பாத்துச் சொன்னது சரியாத்தான் இருக்கும்."

பெட்டிக்குள் இருந்தது தண்ணீருக்கடியில் எரிகிற ஒரு விளக்கு. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, நான் கேட்டது இது இல்லை.

தாதா வங்காளி; அண்ணனை அவர்கள் தாதா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஹேவ்லாக் தீவில் ஒரு டைவிங் கடையில் இரண்டு பேரும் டூரிஸ்டுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கியவர்கள். சீசன் இல்லாத மாதங்களில் இப்படி வேறு வேலை வரும். இந்தத் தடவை வந்தது ஊருக்கு வெளியே கைவிட்ட கல் குவாரி. மழைத்தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி ஆகிவிட்டது. கோடையில் டெலானிபூர் மேட்டில் குழாய் காய்ந்துபோனால் டேங்கர் லாரிகள் இங்கேதான் வந்து நிரப்பும். பம்பிலிருந்து ஒரு இரும்புக் குழாய் கழன்று அடியில் விழுந்திருந்தது. அதைத் தேடிப் பிடித்துக் கயிறு கட்டிக் கொடுத்தால் போதும், மேலே கிரேன் இழுத்துக்கொள்ளும்.

கேட்க லேசான வேலைதான். ஆனால் அந்தத் தண்ணீர் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. முதல் நாள் சும்மா இறங்கிப் பார்த்தபோது நீட்டிய கை முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை. தாதாவிடம் ஒரு பழைய டார்ச் இருந்தது. உள்ளே ஈரம் இறங்கி, நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். குழாய் கிடக்கட்டும், அதைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அந்த இருட்டில் தாதாவை நான் பார்க்க முடியுமா, என்னை அவர் பார்க்க முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

விளக்கை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆனது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான்தானே. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். கரண்ட் பில்லிலிருந்து அம்மாவின் மாத்திரைச் சீட்டு வரைக்கும் எல்லாம் என்னிடம்தான் வரும். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. அதனால் என் பயம் இரண்டு மடங்கு.

போனில் தேடித் தேடிப் படித்தேன். கடலில் எந்த விளக்கும் நல்ல விளக்குதான். ஹேவ்லாக்கில் படகின் நிழல் அடி மணலில் விழுவது தெரியும். அங்கே அகலமாகப் பரவுகிற வெளிச்சம் இருந்தால் பவளமும் மீனும் அழகாகத் தெரியும். கலங்கல் தண்ணீரில் அதே வெளிச்சம் எதிரி. தண்ணீரில் மிதக்கிற ஒவ்வொரு மண் துகளும் அதை வாங்கி நம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். விடிகாலைப் பனியில் பாராடாங் பஸ் போகும்போது டிரைவர் ஏன் ஹெட்லைட்டைத் தாழ்த்துகிறார் என்று யோசித்ததும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. எவ்வளவு பிரகாசம் என்பது முக்கியமில்லை. கம்பி மாதிரி ஒடுங்கி, ஒரே இடத்தில் குத்துகிற வெளிச்சம் வேண்டும். டைவிங் கடையில் அதற்கு நாங்கள் சொல்கிற வார்த்தை ஃபோகஸ்.

மச்சான் அப்போது சென்னையில் இருந்தார். அக்காவின் வீட்டுக்காரர், மதுரைப் பக்கத்து ஆள். இங்கே கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மைக்செட், லைட் கட்டுகிறவர். சாமான் வாங்கப் போயிருந்தார். போனில் சொன்னேன்.

"மச்சான், வெளிச்சம் ஜாஸ்தியா கம்மியான்னு பாக்காதீங்க. ஃபோகஸ் இருக்கணும். ஃபோகஸ் லைட்டுன்னு கேட்டு வாங்குங்க."

"ஃபோகஸ் லைட்டப் பத்தி எனக்கே சொல்றியா மாப்ள? பொழப்பே அதுதானப்பா."

அவர் பிழைப்பில் ஃபோகஸ் லைட் என்றால் மண்டபத்தின் இரண்டு மூலையில் நிறுத்துகிற பெரிய விளக்கு. பந்தி முழுக்கப் பகலாக்குகிற விளக்கு. கடைக்காரர் ஒடுங்கினது ஒன்று, பரவுகிறது ஒன்று, இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறார். மச்சான் மேடை, பந்தி, மாப்பிள்ளை அழைப்பு எல்லாவற்றையும் மனசில் வைத்து, பரவுகிறதைக் கை காட்டியிருக்கிறார். விலை அதிகம். நான் அனுப்பிய பணம் போதாமல் தன் கைக்காசையும் போட்டிருக்கிறார்.

பெட்டியைப் பிரித்ததும் மச்சான் அதைப் போட்டுக் காட்டினார். சுவர், கூரை, மூலையில் தொங்கிய சட்டை, அக்காவின் முகம், எல்லாம் ஒரே வெள்ளை. பல்லி ஒன்று ஓடி மறைந்தது.

"எப்படி?"

தாதா சிரித்துவிட்டார். "அரே பாய், யே தோ ஷாதி கா லைட் ஹை."

கல்யாண லைட் என்று அவர் சொன்னது மச்சானுக்குப் புரிந்தது. இந்தத் தீவில் ஹிந்தி யாருக்குத்தான் புரியாது. "ஆமா, ஷாதி லைட்டுதான். அதவிட நல்ல லைட்டு எது?" என்றார், சிரிக்காமல்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மெதுவாகச் சொன்னேன். இது கடலுக்கு நல்லது மச்சான். குவாரிக்கு ஆகாது. நான் சொன்ன ஃபோகஸ் வேற.

"ஒரு வார்த்தைக்கு எத்தன அர்த்தம்டா வச்சிருக்கீங்க, படிச்சவங்க" என்றார். எழுந்து வெளியே போனார். அக்கா என்னை முறைத்தாள். மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது.

திரும்பி வந்தவர் கையில் ஒரு துண்டு பிவிசி பைப்பும் கறுப்பு டேப்பும் இருந்தன. விளக்கின் வாயில் பைப்பை மாட்டி, சுற்றிச் சுற்றி டேப் ஒட்டினார். வெளிச்சம் ஒடுங்கிவிட்டது. "இந்தா, ஒன்னோட ஃபோகஸ்." குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது. வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம். பைப் கழலாமல் நின்றது. சென்னையிலிருந்து வேறு விளக்கு வரும் வரை காத்திருக்கலாமா என்று கான்ட்ராக்டரிடம் கேட்டேன். டேங்கர்கள் நிற்கின்றன, முடியாதென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். தாதா தோளைத் தட்டினார். "சல், ஹோ ஜாயேகா." ஆகிவிடும், வா.

மறுநாள் இறங்கினோம். மணிக்கட்டில் ஆளுக்கொரு முனையாகக் கயிறு. மூன்று இழுப்பு என்றால் ஆபத்து. பாதி ஆழம் வரை மச்சானின் பைப் நன்றாகத்தான் வேலை செய்தது; பழுப்புக்குள் ஒரு கோல் நீட்டின மாதிரி வெளிச்சம் போனது. அடியில் ஏதோ இரும்பில் விளக்கு இடித்தது. பைப் கழன்று எங்கோ போய்விட்டது.

அடுத்த நொடி என் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். கையில் கட்டின காற்று மீட்டர்கூடத் தெரியவில்லை. விளக்கைத் திருப்பின பக்கமெல்லாம் சுவரும் கூடவே திரும்பியது. அப்போது கயிறு மூன்று தடவை இழுபட்டது. பிறகு நிற்காமல் இழுபட்டது.

விளக்கை அணைத்தேன். அணைப்பதற்கு எனக்கிருந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. இருட்டு வந்ததும் கீழே, என் காலுக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு பொட்டு விட்டு விட்டுத் தெரிந்தது. தாதாவின் பழைய டார்ச். அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டே போய்த் தடவினேன். யாரோ வீசிவிட்டுப் போன தூண்டில் நரம்பு அவர் காலிலும் சிலிண்டர் வாயிலும் சுற்றியிருந்தது. கத்தியால் தடவித் தடவி அறுத்தேன். விடுபட்டதும் அவர் நிற்கவில்லை. மெதுவாகத்தான் ஏற வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவர், கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு மேலே போனார்.

கரையில் இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம்.

வேகமாக ஏறியதில் செவிப்பறை கிழிந்திருக்கிறது, இந்த வருஷம் தண்ணீரில் இறங்கக் கூடாது, அப்புறமும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். டைவருக்குக் காது போனால் சீசனும் போச்சு. தாதா இப்போது கப்பல் ஜெட்டியில் சரக்கு இறக்குகிறார். "இடது பக்கம் கான்ட்ராக்டர உக்கார வை. ஒண்ணும் கேக்காது, நிம்மதி" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரிக்கிறார். நான் அவருக்கு வலது பக்கமாக நடக்கப் பழகிக்கொண்டேன். குழாயை வேறு யாரோ எடுத்தார்கள்.

ஒடுங்கின விளக்கு ஒன்றைப் பிறகு வாங்கினேன். இன்னும் இறங்கவில்லை. மச்சான் தன் விளக்கைக் கோயில் விசேஷத்தில் கட்டினார். அன்று மழை கொட்டி மற்ற லைட்டெல்லாம் அணைந்தபோது அது மட்டும் எரிந்தது. யாரோ பாராட்டினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த விளக்கு, இந்த விளக்கு, தாதாவின் காதுக்கு டெஸ்டும் மருந்தும், அவர் வீட்டுக்கு நாங்கள் கட்டின வாடகை. எங்களுக்கு ஆன செலவை அக்கா வாய்க்கணக்காகக் கூட்டிச் சொன்னாள். நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.