பாய் மனைக்குத் தெற்கு

வீடு விற்பவன் பொய் சொல்லக் கூச்சப்படக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, முதல் நாளே தானாக வந்துவிட்டது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், பிள்ளைகளின் படிப்புக்காக மன்னார்குடியில் வீடு தேடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். மாடி அறையில் வெடிப்பு தேடினார். ஐப்பசி மழைக்கு ஒழுகும் மூலையை முதுகால் மறைத்துக்கொண்டு நான் சிரித்த முகத்தோடு நின்றேன். கிளம்பும்போது அவர் கேட்டார்:

"பக்கத்து வீட்ல எப்படிங்க சார்?"

"தங்கமான மனுசங்க," என்றேன்.

சமையலறையில் என் மனைவிக்குப் புரையேறியது. அந்தத் தங்கமான மனிதரோடு நான் பேசி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது.

வீட்டை விற்க வேண்டி வந்தது என் மனைவியின் முழங்காலால். மாடிப்படி ஏற முடியவில்லை. மகள் இருப்பது தஞ்சாவூரில். மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, படியே இல்லாத ஒரு தரைத்தள வீடு விலைக்கு வந்தது. அதைப் பார்க்கப் போன அன்று, கிழக்கு ஜன்னல் வைத்த அந்தச் சமையலறையில் என் மனைவி பத்து நிமிடம் பேசாமல் நின்றாள். அவள் பத்து நிமிடம் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

"இந்த வீட்ட நீங்க பாத்தீங்க, நீங்க கட்டுனீங்க. நானும் வாயத் தொறக்காம இருந்துட்டேன்," என்று திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தது பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. "அந்த வீட்ட நான் பாத்துருக்கேன். அது எனக்கு வேணும்."

முப்பது வருடத்தில் அவள் 'எனக்கு வேணும்' என்று சொன்னவை ஒரு கைவிரலுக்குள் அடங்கும். எனவே முன்பணம் கொடுத்தேன். தை மாதக் கடைசிக்குள் கிரயம் முடிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு நாள்கூடப் பொறுக்க முடியாது, வாங்குவதற்கு வேறு ஆள் காத்திருக்கிறார் என்று அந்த வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். என் மனைவியோ ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கவே கொடுத்துவிட்டாள்.

தோப்புக்காரர் வங்கிக் கடனில் வாங்குவதாக இருந்தார். பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்து வங்கியின் வக்கீல் என்னைக் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயது, மரியாதையான பையன். என் பத்திரத்தின் நகலை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவை மூடித் திறந்தார்.

"சார், நீங்க விக்கிற வீடு உங்க மனையில இல்லீங்க."

"பின்ன யாரு மனையில இருக்கு?"

"பக்கத்து வீட்டு பாய் மனையில இருக்கு. அவங்க வீடு உங்க மனையில இருக்கு."

நான் சிரித்தேன். முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தியவன் நான். ஒரு பத்திரத்தைப் படிக்கத் தெரியாதா? அவர் ஒரு வரியின் கீழ் விரலை வைத்து என் பக்கம் தள்ளினார். 'பாய் மனைக்குத் தெற்கு' என்று இருந்தது. பத்திரத்தில் அவருடைய முழுப்பெயரும் தகப்பனார் பெயரும் இருக்கின்றன. எனக்கு அவர் எப்போதும் பாய்தான்.

"பாய் மனைக்குத் தெற்கே உங்க மனைன்னு அர்த்தம். நீங்க அவருக்கு வடக்கேல்ல வீடு கட்டியிருக்கீங்க?"

எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மனையின் நான்கு எல்லைகளை நான்கு மால் என்பார்கள். அதை எழுதும் முறையே இதுதான். எல்லையில் இருக்கும் பொருளிலிருந்து நம் மனைக்கு வழி சொல்வார்கள். வாய்க்காலுக்குக் கிழக்கு என்றால் மேற்கே வாய்க்கால், அதற்குக் கிழக்கே நாம். எழுத்தறிவில்லாத விவசாயிக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியவில்லை. 'தெற்கு' என்று கண்ணில் பட்டதும், தெற்கு எல்லை பாய் மனை என்று படித்துவிட்டேன். 'கு' என்பது நான்காம் வேற்றுமை உருபு. அது எல்லைப் பொருளிலும் வரும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அதற்கு நான் கொடுத்த எடுத்துக்காட்டு 'மன்னார்குடிக்குத் தெற்கு பட்டுக்கோட்டை'.

இதைவிடப் பெரிய அவமானம் அந்த நகலிலேயே இருந்தது. 'வாய்க்காலுக்குக் கிழக்கு, ரோட்டுக்கு மேற்கு' என்ற இரண்டு இடத்தையும் யாரோ சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'தவறு. வாய்க்கால் மேற்கே உள்ளது' என்று அழகான கையெழுத்தில் திருத்தியிருந்தார்கள்.

"இது யாரு சார் திருத்துனது?" என்றார் வக்கீல்.

"தெரியலீங்க," என்றேன்.

திருத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாயும் நானும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் பக்கத்துப் பக்கத்து மனை வாங்கினோம். நெல் விளைந்த நிலம். ஒரே அளவாக இரண்டு துண்டு, இரண்டு பக்கமும் விற்றவரின் பாக்கி வயல். நட்ட எல்லைக் கல்லை ஏதோ ஒரு உழவில் டிராக்டர் பெயர்த்துவிட்டது. பாய் அப்போது வளைகுடாவில் வேலை பார்த்தார், ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். அறுப்பு முடிந்த வயலில் நின்றுகொண்டு நான் பத்திரத்தை உரக்கப் படித்தேன், அவர் கைகட்டிக் கேட்டார்.

"எனக்கு மேற்கு மட்டும் நல்லாத் தெரியும் சார், அஞ்சு வேளையும் அங்கதான் திரும்புறேன். மேற்கதான் வாய்க்கா இருக்கு. கிழக்குன்னு எழுதியிருக்குங்கறீங்களே?"

"எழுதுனவன் தப்பா எழுதிட்டான் பாய்."

"அப்ப தெற்கு வடக்கும் தப்பா எழுதியிருக்க மாட்டானா?"

"ஒரே ஆளு எல்லாத்துலயுமா தப்பு பண்ணுவான்?" என்றேன் நான்.

அவர் யோசித்தார். "நீங்க தமிழ் வாத்தியாரு. நீங்க சொன்னா சரிதான்," என்றார். மறு வாரம் இருவரும் அடித்தளம் தோண்டினோம். நான் அவர் மனையிலும், அவர் என் மனையிலும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததுதான் என்னை அன்று வக்கீல் அறையிலிருந்து எழவிடாமல் செய்தது. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒன்றரை அடி சந்து. பாய் தன் மாடியின் மழைத்தண்ணீர்க் குழாயை அதில் இறக்கியிருந்தார். சந்து என்னுடையது என்பது என் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கத்தினேன். "பத்திரத்துல தெளிவா எழுதியிருக்கு! படிக்கத் தெரிஞ்சா படிச்சுப் பாருங்க!" பாய் தன் வாசலுக்கு வந்து என்னையும் பத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், உள்ளே போய்விட்டார். மறுநாள் குழாயை மாற்றிவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று அன்று சேமியா பாயசம் வைக்கச் சொன்னேன். என் மனைவி வைக்கவில்லை.

வழி ஒன்றுதான் என்றார் வக்கீல். இரண்டு பேரும் மனையை மாற்றிக்கொண்டதாகப் பரிவர்த்தனைப் பத்திரம் பதிய வேண்டும். பாய் கையெழுத்துப் போட வேண்டும். தை முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. தையற்காரரிடமிருந்து வந்திருந்த திரைச்சீலையை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "நீங்க போயி கேக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்," என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். கூப்பிடுவதற்குள் இரண்டு முறை தொண்டையைச் செருமினேன். எட்டு வருடத்தில் அவருக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மனிதர் வெளுத்ததை நான் கவனிக்கவே இல்லை.

"வாங்க சார்," என்றார், நேற்றுதான் வந்து போனவனைக் கூப்பிடுவது போல. உள்ளே பார்த்து டீ கொண்டுவரச் சொன்னார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரையெல்லாம் மறந்துபோய், "பாய், பத்திரத்துல ஒரு சின்னக் குழப்பம்," என்று ஆரம்பித்தேன்.

"தெற்கு வடக்குதானே?" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எனக்குத் தெரியும் சார். கடைக்கு லோன் கேட்டு பேங்குக்குப் போனப்ப அவங்க சொன்னாங்க. எட்டு வருசம் இருக்கும். அந்த வாரமே உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள நீங்க பத்திரத்தோட வாசல்ல வந்து நின்னுட்டீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்."

"தெருவே நின்னுச்சு. பாதிப் பேரு உங்ககிட்ட படிச்சவங்க. அவங்க முன்னாடி உங்களுக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அவரே தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம் சொல்லாததுக்குக் காரணம் மரியாத இல்ல சார், கோவம். நல்ல கோவம். நீங்க சாயங்காலம் மாடியில நின்னு செடிக்குத் தண்ணி ஊத்துவீங்கல்ல? என் மனையில நின்னுக்கிட்டு ஊத்துறாரு பாருன்னு நெனச்சுக்குவேன். கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். நல்ல தமிழில் கேட்க நினைத்தேன், "தப்பு பண்ணிட்டேன் பாய்" என்பதற்கு மேல் வரவில்லை. குழாயைப் பழைய இடத்துக்கே மாற்றிக்கொள்ளட்டும் என்றும் சொன்னேன். வீட்டை விற்கப் போகிறவன் காட்டும் தாராளம் அது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நாலாம் நாள் பதிவு அலுவலகத்தில் மனையை மாற்றிக்கொண்டோம். சுவரோ செங்கல்லோ நகரவில்லை. முப்பது வருடமாக எங்கே இருந்தோமோ அங்கேதான் இருந்தோம், ஆனால் முதல்முறையாக அவரவர் வீட்டில். அடுத்த வாரம் தோப்புக்காரருக்குக் கிரயம் ஆனது. பாய்தான் சாட்சிக் கையெழுத்து. தோப்புக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க அன்னிக்குச் சொன்னது நூத்துக்கு நூறுங்க. தங்கமான மனுசரு," என்றார். உண்மையை மட்டுமே பேசிப் பழகியவனைப் போலத் தலையசைத்தேன்.

தஞ்சாவூர்க் கிரயத்துக்கு முன், அந்த வீட்டின் பத்திர நகலை பாயிடம் நீட்டினேன். "ஒரு தடவ நீங்க படிச்சுப் பாருங்களேன்."

"நான் படிக்க மாட்டேன். கூட வந்து நிக்கிறேன். நீங்க படிங்க," என்றார்.

பதிவன்று காலையிலேயே என் மனைவி, பாய், நான் மூவரும் அந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். பாய் தெரு நடுவில் போய் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.

"இது மேற்கு. இத நான் பாத்துக்கிறேன். நீங்க அந்த 'கு'வ மட்டும் பாத்துப் படிங்க."

என் மனைவி கையில் சாவியோடு வாசல் கேட் அருகே நின்றாள். திரைச்சீலைப் பை அவள் காலடியில் இருந்தது. உள்ளே போகவில்லை. தேர்வு எழுதும் பையனைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். பெயர், விலாசமெல்லாம் தாண்டி நான்கு மாலுக்கு வந்தேன். "ரிட்டயர்டு தாசில்தார் வீட்டுக்குத் தெற்கு."

"அப்படின்னா தாசில்தார் வீடு எங்க இருக்கணும் சார்?"

அவசரப்படாமல் யோசித்தேன். "நமக்கு வடக்க."

பாய் வலது கையை நீட்டினார். அந்தக் கை நீண்ட இடத்தில் ஒரு வீடு, அதன் சுவரில் தாசில்தார் என்று பெயர்ப்பலகை. மற்ற மூன்று பக்கத்தையும் இதேபோலக் கேட்டார், கை நீட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இது உங்க வீடுதான். தைரியமா உள்ள போங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போனாள்.